‘பிட்டைம்ஸ்’ என்ற சொல்லும் ஜன்னலோர நாற்காலியும்

தென்காசி
16 ஜூன் 2025

அன்புள்ள நாறும்பூநாதன் அண்ணாச்சிக்கு,

இந்தக் கடிதத்தில் வருபவை:

1. ‘பிட்டைம்ஸ்’ (betimes) என்ற ஆங்கில வினையடையின் பொருளும் வழக்கும்.
2. அந்தச் சொல்லுக்கு இரண்டாவது பொருள் கிடையாது என்பது.
3. அதற்கு மதினி சொன்ன வாக்கியம்.
4. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பவர் நம் புத்தகத்தில் கைவைப்பது பற்றி.
5. நாற்காலி. (இதை எழுதுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.)

நேற்று காப்பி குடிக்காமல் கிளம்பியபோது வயிறு சரியில்லை என்று மதினியிடம் சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. போனில் இதைச் சொல்லலாம். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் பாதியிலேயே ‘சரி அண்ணாச்சி’ என்று சொல்லிவிடுவேன். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்திலும் எனக்கு அதே வழக்கம்தான். வக்கீல்கள் சத்தம் போட்டால் வாயை மூடிக்கொண்டு, மறுநாள் எழுத்தில் பதில் கொடுப்பேன்.

முதலில் நம் முறையை எழுதுகிறேன். நீங்கள் மறந்திருப்பீர்கள் என்பதால் அல்ல. மாற்றிவிட்டீர்களோ என்ற சந்தேகத்தால். நாம் இருவரும் ‘அருகிய ஆங்கில வினையடைகள்’ என்று ஒரு கையேடு தொகுக்கிறோம். சொல்லைத் தேர்ந்தெடுப்பது நீங்கள். பொருளையும் வழக்கையும் அட்டையில் எழுதுவது நான். ஞாயிறு காலை பத்து மணிக்கு உங்கள் குற்றாலத்து வீட்டில் அந்தத் தமிழ்ப் பொருளை நீங்கள் மதினிக்கு வாசித்துக் காட்டுவீர்கள். மதினிக்கு ஆங்கிலம் தெரியாது. பொருளைக் கேட்டு அவர்கள் தம் வாயால் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வாக்கியம் பொருந்தினால் அட்டை தேறியது. பொருந்தாவிட்டால் பிழை என்னுடையது, அட்டை என்னோடு தென்காசிக்குத் திரும்பும். நிறைய அட்டைகள் திரும்பியிருக்கின்றன. நான் முகம் சுளித்ததில்லை.

நேற்று நான் பத்து மணிக்கு வந்தபோது ‘பிட்டைம்ஸ்’ முடிந்திருந்தது. எழுதியவர் உங்கள் புது நண்பர், கப்பலில் இருந்து ஓய்வு பெற்ற ஜோஷ்வா.

அவர் கொடுத்திருக்கும் பொருள் ‘அதிகாலையில்’. பாதிதான் சரி. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ‘பிட்டைம்ஸ்’ எழுந்தான் என்றால் அதிகாலையில் எழுந்தான் என்பது உண்மை. ஆனால் மத்தியானம் மூன்று மணிக்குச் செய்கிற காரியத்துக்கும் இந்தச் சொல் பொருந்தும், பிந்திப்போவதற்கு முன் செய்துவிட்டால். ஒரு பழைய தீர்ப்பில், வாதி ‘பிட்டைம்ஸ்’ நீதிமன்றத்தை நாடவில்லை என்று வந்ததை நானே மொழிபெயர்த்திருக்கிறேன். வாதி விடியற்காலையில் வரவில்லை என்றா நீதிபதி குறைப்பட்டார்? ‘வேளையோடு’ என்று அன்று எழுதினேன். இன்றும் அதையே எழுதுவேன். இன்று யாரும் பேச்சில் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. கொஞ்சம் பழைய வாசனையோடு, அல்லது வேடிக்கையாக எழுதுகிறவர்கள் மட்டும் எடுக்கிறார்கள்.

இரண்டாவதாக, ‘எப்போதாவது’ என்று இன்னொரு பொருளையும் போட்டிருக்கிறார். கப்பலில் ஒரு அயர்லாந்து எஞ்சினியர் அப்படித்தான் பேசுவாராம். சொல்லின் கடைசியில் இருக்கும் ‘ஸ்’ பன்மை அல்ல. ‘ஆல்வேஸ்’ என்பதில் வருகிற வால் அது. பன்மை என்று நினைத்ததால் வந்த குழப்பம் இது. அடித்துவிட வேண்டும்.

மூன்றாவது, மதினியின் வாக்கியம். ‘சாரல் விழுததுக்கு முன்னயே வத்தலை அள்ளிட்டேன், இல்லேன்னா அம்புட்டும் பூத்துப்போயிருக்கும்.’ நல்ல வாக்கியம். நல்ல வாக்கியம் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் அட்டைகளுக்கு மதினி இவ்வளவு உற்சாகமாகச் சொல்லிக் கேட்டு நாளாகிறது. போன மாதம் என் அட்டையைக் கேட்டுவிட்டு, ‘சவசவன்னு இருக்கு கொழுந்தனாரே’ என்றார்கள்.

நான்காவது. என் பழைய அட்டை ஒன்றை எடுத்து அவர் வாசிக்க முயன்றதைப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல. தமிழ் வாசிக்கத் தெரியாதவர் தமிழில் பொருள் எழுதுகிறார். வேறொன்றும் சொல்ல விரும்பவில்லை.

ஐந்தாவது. ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் வந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நீங்கள் ‘இரியும், இரியும்’ என்று அவரைக் கையமர்த்தினீர்கள். எனக்கு ஸ்டூல் வந்தது.

இதை அற்பம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் எழுதிவிட்டேன்.

உங்கள்
விஸ்வநாதன்


குற்றாலம்
20 ஜூன் 2025

விஸ்வநாதன்,

உமது கடிதம் வந்தது. இந்தக் கடிதத்தின் எழுத்து ஜோஷ்வாவுடையது, சொல் என்னுடையது. எனக்குக் கைநடுக்கம். வயசு எழுபத்தாறு ஆகிறது, நடுங்கட்டும்.

உமது ஐந்து குறிப்புகளையும் பிச்சம்மாளிடம் சொன்னேன். அவள் அரிவாள்மணையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அவ்வொ காப்பி குடிக்காம போனதுக்கு வயிறு காரணம்னா நம்புததுக்கு நான் என்ன கூமுட்டையா?” என்றாள். “ஒரு ஸ்டூல்ல உக்காந்ததுக்கு அஞ்சு பக்கம் எழுதியிருக்காவ. கட்டில்ல உக்கார வச்சிருந்தா பத்து பக்கம் வந்திருக்கும்.”

“சவசவன்னு சொன்னியாமே, அதுதான் அவருக்குக் கோவம்,” என்றேன்.

“சவசவன்னுதான இருந்துச்சு. நல்லாருக்குன்னு பொய் சொல்லவா கூப்பிட்டீங்க என்னைய?”

இதுதான் எங்கள் தரப்பு. அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன்.

‘வேளையோடு’ நல்ல சொல். எடுத்துக்கொண்டேன். ஜோஷ்வாவும் ‘அதிகாலையைவிட இது ஒசத்தி அண்ணாச்சி’ என்று ஒத்துக்கொண்டார். இரண்டாவது பொருளை அடிக்க மாட்டேன். ஒரு மனுசன் தன் காதால் கேட்டதாகச் சொல்லுகிறான், நீர் அகராதியில் இல்லையென்று சொல்லுகிறீர். முதலில் பெரிய அகராதியைப் பாரும்.

நாற்காலி பிரம்பில் பின்னியது. அதில் யார் பேரும் எழுதியிருக்கவில்லை.

காரியத்துக்கு வருகிறேன். கடையநல்லூர் முகம்மது ரபீக் அச்சகத்தில் இடம் ஒழித்துவைத்திருக்கிறார். ஆடி பிறக்குமுன் கைப்பிரதி வேண்டும் என்கிறார். முன்பாதி அட்டைகள் இங்கே இருக்கின்றன. பின்பாதி உம்மிடம். அவற்றைத் திருத்தித் திருத்தி நீர் வைத்திருக்கிறீர் என்பது எனக்குத் தெரியும். திருத்தியது போதும், கொண்டுவாரும். அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம் என்று எழுதப்போனேன். வேண்டாம், நினைத்துக்கொள்ளும். அவசரம்தான். அந்தப் புத்தகத்தை அச்சில் பார்க்க வேண்டும் எனக்கு.

ஞாயிறு வாரும். ஸ்டூலை எடுத்து ஒளித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நாறும்பூநாதன்


தென்காசி
24 ஜூன் 2025

அண்ணாச்சிக்கு,

உங்கள் கைநடுக்கத்துக்கு இவ்வளவு அழகான கையெழுத்து வாய்த்ததில் மகிழ்ச்சி.

பெரிய அகராதியைப் பார்த்தேன். நூலகத்தில் அதைத் தூக்கி மேசையில் வைக்கவே ஒருவர் உதவ வேண்டியிருந்தது. ‘எப்போதாவது’ என்ற பொருள் இருக்கிறது. வட்டார வழக்கு என்று குறித்துத்தான் போட்டிருக்கிறார்கள். எனவே நான் தோற்றுவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வட்டார வழக்கைக் கையேட்டில் சேர்ப்பதா என்பது தனிக் கேள்வி.

இனி ஞாயிற்றுக்கிழமை. நான் வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். வந்தேன்.

ஒன்பது மணிக்கே குற்றாலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். கையில் துணிப்பை, அதற்குள் பின்பாதி அட்டைகள் முழுவதும். சாரல் நன்றாக இருந்தது. உங்கள் வீட்டுக்குச் சீக்கிரம் போய் நிற்பது நாகரிகமில்லை என்று பேரருவிப் பக்கம் நடந்தேன். ரம்புட்டான் கடைகளைத் தாண்டி, எண்ணெய் தேய்க்கிறவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உங்களைப் பார்த்தேன். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய். ஜோஷ்வா உங்கள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடித்தபடியே அருவிக்கு அழைத்துப் போனார். ஒவ்வொரு படியிலும் குனிந்து உங்கள் காதில் எதையோ சொன்னார், நீங்கள் சிரித்தீர்கள்.

அண்ணாச்சி, உங்கள் கையை ஒருவர் பிடித்து நான் பார்த்ததே இல்லை. நீங்கள்தான் மற்றவர் கையைப் பிடிப்பீர்கள். எனக்குப் பேரருவி பயம். என் கையைப் பிடித்துச் சிற்றருவிக்குக் கூட்டிப்போய் ஓரமாக நிற்கவைத்து, ‘தலையைக் குடும்வே, தண்ணி உம்மைத் தின்னாது’ என்பீர்கள். ஒவ்வொரு சீசனிலும் அதுதான் நடந்தது. இந்த வருடம் நான் சேர்த்தி இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இதையும் பொறுத்திருப்பேன். குளித்துவிட்டுத் திரும்பும்போது நீங்கள் என்னை நேராகப் பார்த்தீர்கள். நடுவில் ஒரு பழக்கடைதான். நான் கையை உயர்த்தினேன். நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, முகத்தைத் திருப்பி, அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள்.

பையோடு அடுத்த பஸ்ஸில் தென்காசிக்கு வந்துவிட்டேன்.

நான் யார் மேலும் கடுமையாக எழுதிப் பழக்கமில்லாதவன். எழுதினால் இரண்டு முறை படித்துப் பார்த்து அடித்துவிடுவேன். பின்வருவதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன், அடிக்கவில்லை. ஜோஷ்வா கப்பலில் மூட்டை எண்ணியவர். சொல்லை எண்ணத் தெரியாது. எதைக் கேட்டாலும் ஒரு துறைமுகத்தின் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கிறார். உரக்கச் சிரித்தால் அறிவு என்று நினைக்கிறார். பெண்டாட்டி போன பிறகு சொந்த வீட்டில் பேச ஆளில்லாதவர் அடுத்தவர் வீட்டு நாற்காலியில்தான் வந்து உட்காருவார். நீங்கள் இதைப் புரிந்துகொள்ளும்போது நான் அங்கே இருக்க மாட்டேன்.

அட்டைகள் என்னிடமே இருக்கட்டும். உங்களுக்குத்தான் இப்போது எழுத ஆள் இருக்கிறதே. பின்பாதியையும் அவரே எழுதட்டும்.

விஸ்வநாதன்


குற்றாலம்
1 ஜூலை 2025

விஸ்வநாதன்,

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நாலைந்து நாள் கிடந்தேன். பிச்சம்மாள் சொல்லச் சொல்லுகிறாள். ‘நீங்க சொல்லலைன்னா நான் பஸ் ஏறிப் போயி சொல்லுவேன்’ என்று மிரட்டுகிறாள். ஆகவே எழுதச் சொல்லுகிறேன்.

எனக்குக் கைநடுக்கம் இல்லை. கண் போய்க்கொண்டிருக்கிறது.

கண்ணுக்குள் அழுத்தமாம். வலியில்லாமல் ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் கொஞ்சம் தெரியும், அதுவும் புகைமூட்டமாக. படி தெரியாது. பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாது. பழக்கடைக்கு அந்தப் பக்கம் கையை உயர்த்துகிற ஆள் சுத்தமாகத் தெரியாது. நான் அன்று பார்த்தது உம்மை அல்ல. எதையும் அல்ல. ஜோஷ்வா படிக்குப் படி என் காதில் சொன்னது ‘எறக்கம், எறக்கம், வழுக்கும்’ என்பதுதான். சிரித்தேனா? பயத்தில் சிரித்திருப்பேன்.

திருநெல்வேலியில் டாக்டர், ‘போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாத்திப் பார்க்கலாம், முன்னாடியே வந்திருக்கணும்’ என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுத்த சொல்லாக ‘பிட்டைம்ஸ்’ஐ எடுத்தேன். வேறு விளக்கம் வேண்டாம்.

உம்மிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர். தாலுகா ஆபீசில் ஒரு கையெழுத்துக்கு ஊரையே நிற்கவைத்தவன் நான். உம்மை அருவிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவன். அந்த ஒரு இடத்திலாவது நான் நானாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஜோஷ்வாவிடம் எனக்கு அந்த மரியாதை இல்லை, அதனால் அவரிடம் கூச்சமும் இல்லை. இது உமக்குச் சந்தோஷத்தைக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளும்.

அவர் ஜன்னலோரம் உட்காருவது வாசிப்பதற்கு. எனக்கு இப்போது யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். உமது அட்டைகளை மட்டுமல்ல, உமது கடிதங்களையும்.

ஆமாம். உமது மூன்று கடிதத்தையும்—

(அண்ணாச்சி மூன்று என்கிறார். இரண்டுதான். — ஜோ.)

—இரண்டு கடிதத்தையும் எனக்கு வாசித்தவர் அவர்தான். ஒரு சொல் விடாமல். மூட்டை எண்ணியவர் என்பதை வாசித்தார். சிரிப்பைப் பற்றி எழுதியதை வாசித்தார், அதற்குச் சிரிக்கவும் செய்தார். ‘பெண்டாட்டி போன பிறகு’ என்ற இடத்தில் நிறுத்தினார். ‘கண்ணாடியில சாரல் அடிச்சிட்டு அண்ணாச்சி’ என்றார். துடைத்துவிட்டு அந்த வரியை முதலிலிருந்து வாசித்தார். நான் போதும் என்றேன். ‘மொதலாளி அனுப்புன சரக்கை முழுசா எறக்கணும், பாதியில நிறுத்த முடியாது’ என்று கடைசிவரை வாசித்தார்.

பிச்சம்மாள் அடுப்படியிலிருந்து, “வாசிச்சவரு வாயி வலிக்கல, எழுதுனவரு கை வலிக்கலையாக்கும்?” என்றாள்.

வட்டார வழக்கைச் சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர். நீரும் நானும் பேசுவது என்னவாம்?

புத்தகத்தை நான் பார்க்க வேண்டும் விஸ்வநாதன். யாராவது வாசித்துக் கேட்பதல்ல, பார்க்க வேண்டும். மேலட்டையில் உம் பேரும் என் பேரும். அதற்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லவில்லை.

நாறும்பூநாதன்

(ஐயா, இது நானாக எழுதுவது, அண்ணாச்சி சொன்னது அல்ல. அன்று நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். தங்கள் கையெழுத்து எறும்பை விடச் சிறியது. அண்ணாச்சியைத் தவிர யாராலும் அதை வாசிக்க முடியாது என்று பிச்சம்மாள் ஆச்சி சொன்னார்கள். அதனால் தங்கள் பழைய அட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போய் உருப்பெருக்கி வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். தங்கள் ‘ள’வும் ‘ன’வும்தான் இன்னும் பிடிபடவில்லை. — ஜோஷ்வா.)


தென்காசி
7 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாச்சிக்கு, ஜோஷ்வா அவர்களுக்கும், ஏனென்றால் இதை வாசிப்பவர் அவர்.

வரிசையாக எழுதிப் பார்த்தேன். வரிசை நிற்கவில்லை. வருகிறபடி எழுதுகிறேன்.

ஜோஷ்வா அவர்களே, ஜூன் 24ஆம் தேதிக் கடிதத்தில் கடைசிக்கு முந்திய பத்தியை நான் எழுதியிருக்கக் கூடாது. என் வீட்டிலும் பேச ஆளில்லை. பதினொரு வருடமாக. அந்த வரி உங்களைப் பார்த்து எழுதியதில்லை என்று இப்போது தோன்றுகிறது. கண்ணாடியில் பார்த்து எழுதியிருக்கிறேன்.

இதைச் சத்தமாக வாசிக்கிறீர்கள் என்று நினைக்கும்போது பேனா நகர மாட்டேன் என்கிறது.

அண்ணாச்சி, நேற்று ஞாயிறு வந்தேன். பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸில் மூன்று விதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். உங்கள் வீட்டு முருங்கைக்குப் பக்கத்தில் நின்றபோது உள்ளே வாசிப்புச் சத்தம் கேட்டது. என் அட்டை. ‘பெர்ஃபோர்ஸ்’, வேறு வழியின்றி. நான் நாலு வரி எழுதியிருந்தேன். ஜோஷ்வா முதல் வரியை வாசித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். நீங்கள் ‘ம்’ என்றீர்கள். பிறகு அடுத்தது.

மதினி கேட்டுவிட்டு, “கொழுந்தனாரு இதை என்னைக்கி எழுதுனாவ? நல்லாத்தான இருக்கு,” என்றார்கள்.

“ஏட்டி, இது நாலு வருசம் முந்தி. நீதான் அப்போ சரியில்லைன்னு தூக்கிப் போட்ட, அவரும் எடுத்துட்டுப் போக மறந்துட்டாரு,” என்றீர்கள் நீங்கள்.

“அப்போ நீங்க வாசிச்சீங்க. தாசில்தாரு நோட்டீசு வாசிக்க மாதிரி. எவ கேப்பா?”

மூவரும் சிரித்தீர்கள். பிறகு மதினி அந்த அட்டைக்கு ஒரு வாக்கியம் சொன்னார்கள். நான் அதை இங்கே எழுத மாட்டேன். உங்களிடம் இருக்கிறது.

நான் உள்ளே வந்திருக்க வேண்டும். கதவு திறந்துதான் இருந்தது. செருப்பைக் கழற்றக்கூடக் குனிந்தேன். ஆனால் நான் இல்லாமல் அந்த அறையில் எதுவும் குறையவில்லை. அண்ணாச்சி, ஒருவரை வெறுத்தபடி அந்த அறைக்குள் நுழைய என்னால் முடிந்திருக்கும். நன்றி சொல்ல வேண்டியவராகி நுழைவது எனக்குப் பழக்கமில்லை. அட்டைப் பையை கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன். பின்பாதி முழுவதும் இருக்கிறது. திருத்த வேண்டியவை இன்னும் இருக்கின்றன. அப்படியே ரபீக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கண்ணைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை என்று கவனித்திருப்பீர்கள். எழுதத் தொடங்கினேன். அதை அவர் குரலில் நீங்கள் கேட்பதை நான் விரும்பவில்லை. இதுவும் பொறாமைதான். எவ்வளவு கண்டித்தாலும் போக மாட்டேன் என்கிறது.

ஜோஷ்வா அவர்கள் எப்படி வாசித்தார் என்பதைப் பற்றி இப்போது எதுவும் சொல்லவில்லை.

விஸ்வநாதன்


குற்றாலம்
9 ஜூலை

வே,

இது என் கை. வரி கோணும். பேனா எங்கே போகுதுன்னு தெரியல.

பை வந்தது. ஆள் வரல. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்புதவனை என்ன சொல்ல.

கண்ணைப் பத்தி எழுத வேண்டியதை எழுதும். பெரிசா, கறுப்பா எழுதினா எனக்கே தெரியும். ஜோஷ்வா பாக்க மாட்டார். இந்தக் கடுதாசியையும் பிச்சம்மாள்தான் ஒட்டி அனுப்புதா.

நா.


தென்காசி
11 ஜூலை 2025

அண்ணாச்சி,

தடித்த பேனா வாங்கினேன்.

கறுப்பு மை. வரிக்கு மூன்று சொல். மெதுவாகப் படியுங்கள். இதில் ஜோஷ்வாவுக்கு வேலையில்லை.

கண்ணைப் பற்றி:

எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும். நீங்கள் சொல்ல மாட்டீர்கள். அதனால் இருவருக்கும் சேர்த்து நானே எழுதிவிட்டேன்.

அடுத்த தடவை திருநெல்வேலிக்கு டாக்டரிடம் போகும்போது நானும் வருகிறேன். அங்கே பேச மாட்டேன். கூட இருப்பேன்.

நாளை மறுநாள் ஞாயிறு. உள்ளே வருவேன். ஸ்டூலே போதும். நாற்காலியில் வாசிக்கிறவர் உட்காரட்டும்.

பேரருவி எனக்கு இன்னும் பயம்தான். ஆனால் படி எனக்குத் தெரியும். நீங்கள் தண்ணீருக்குப் பயப்பட மாட்டீர்கள். படி வரை நான் பிடிக்கிறேன். அதற்குப் பிறகு நீங்கள் பிடியுங்கள். ஜோஷ்வா துண்டுகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது குறிப்பில் நான் இன்னும் இறங்கிவரவில்லை. வட்டார வழக்கு என்று அடைப்புக்குறிக்குள் போட்டால் சம்மதிக்கிறேன்.

இனி வரும் வரிகளை மட்டும் அவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். என் பழைய சின்ன எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். உருப்பெருக்கி தேவைப்படும்.

ஜூன் 16ஆம் தேதிக் கடிதத்தின் நான்காவது குறிப்பு தவறு. ஜோஷ்வாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். நான் எழுதியதை என்னைவிட நன்றாக வாசிக்கிறார்.

விஸ்வநாதன்